சார்ஜரைக் கழற்றிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், லேப்டாப் ஆன் ஆகாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்போதும் உயிர் வராவிட்டால் மதர்போர்டு (உள்ளே இருக்கும் முதன்மைச் சர்க்யூட் பலகை) போய்விட்டது என்று இரண்டே வரியில் விஷயம் முடிந்துவிட்டது. முதல் வரியில் பாதி விடுபட்டிருக்கிறது. இரண்டாவது வரி தவறு. இடம் போதாது என்றால் என் கடிதத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். சார்ஜரைக் கழற்றுவது பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் ரேடியோ, டிவி பழுது பார்த்தவன். பிக்சர் டியூப் காலத்து ஆள். கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மீட்டரும் சால்டரிங் அயர்னும் மட்டும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. லேப்டாப் என் தொழில் இல்லை. பேத்தியின் லேப்டாப் ஒரு நாள் காலையில் படுத்துவிட்டது; அதை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். அதிலும் முதலில் கற்றுக்கொண்டது என் தவறைத்தான்.

முதல் நாள் இரவு வரை வேலை செய்திருக்கிறாள். காலையில் பட்டனை அழுத்தினால் விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை. பழுது பார்க்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கிருந்தவர் தம்மிடம் இருந்த சார்ஜரைச் செருகினார், பட்டனை இரண்டு தடவை அழுத்தினார், "போர்டு டெட்டும்மா, புதுசு பாத்துக்கோங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லையாம். வீட்டுக்கு வந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, "தாத்தா, ஆய்வேடு மொத்தமும் இதுக்குள்ள இருக்கு" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

நானும் வீராப்பாக மீட்டரை எடுத்தேன். அவளுடையது டைப்-சி சார்ஜர். முனை மிகச் சிறியது, மீட்டர் ஒயரின் முள் உள்ளே போகாது. அதனால் முள்ளில் ஒரு தையல் ஊசியைக் கட்டி உள்ளே தொட்டுப் பார்த்தேன். சுழி. இடம் மாற்றித் தொட்டேன். மறுபடியும் சுழி. "சார்ஜர் போச்சு கண்ணு, லேப்டாப்புக்கு ஒண்ணுமில்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அவள் எதுவும் சொல்லாமல் அதே ஒயரைத் தன் போனில் செருகினாள். போன் ஜம்மென்று சார்ஜ் ஏற ஆரம்பித்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு தடவை பட்டனை அழுத்திவிட்டு "டெட்" என்றவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவரையாவது விடலாம், நான் மீட்டர் வைத்துக்கொண்டே தப்புச் சொன்னேன்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பழைய உருண்டை முனை அடாப்டரில் 19 வோல்ட்டோ 19.5 வோல்ட்டோ எப்போதும் முனையில் நிற்கும். மீட்டர் வைத்தால் உடனே காட்டும். பெரும்பாலும் உள்வளையம் பிளஸ், வெளிவளையம் மைனஸ். டைப்-சி அப்படியில்லை. எதிரில் ஒரு கருவி இருக்கிறது என்று தெரியும்வரை அது மின்சாரத்தை வெளியே விடாது. கருவி இருப்பது தெரிந்ததும் முதலில் 5 வோல்ட் கொடுக்கும். அதன் பிறகு இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டு 9, 15, 20 என்று தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்ளும். சும்மா கிடக்கும் டைப்-சி முனையில் மீட்டர் சுழி காட்டுவதுதான் சரி. போன் சார்ஜ் ஏறியதே, அதை வைத்துச் சார்ஜர் முழுக்க நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. போனுக்கு 5 வோல்ட்டோ 9 வோல்ட்டோ போதும். லேப்டாப் கேட்பது பெரும்பாலும் 20. ஆக நான் செய்த சோதனையும் அரைகுறை, அவள் செய்ததும் அரைகுறைதான். இதை அவளிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பை எழுத மாட்டேன்.

இப்போது அந்த 30 விநாடி விஷயத்துக்கு வருகிறேன்.

லேப்டாப்பின் பவர் பட்டன் சுவர் சுவிட்சைப் போன்றது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. அது காலிங் பெல். உள்ளே ஒரு சின்னக் கன்ட்ரோலர் சிப் இருக்கிறது. மற்றதெல்லாம் தூங்கும்போதும் அது விழித்திருக்கும். சார்ஜர் செருகியிருக்கிறதா, பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது, மூடி திறந்திருக்கிறதா, பட்டனை யாராவது அழுத்தினார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. நாம் பெல் அடித்தால் அந்த வாட்ச்மேன்தான் கதவைத் திறக்க வேண்டும். சில சமயம் அவனே உறைந்துபோய் உட்கார்ந்துவிடுகிறான். வீட்டுக்குள் எல்லாம் நன்றாக இருந்தாலும் கதவு திறக்காது. வெளியில் நிற்பவருக்கு வீடே காலி என்று தோன்றும்.

உறைந்தவனை எழுப்ப வழக்கமான வழி, அவனுக்குப் போகும் மின்சாரத்தை முழுக்க நிறுத்துவது. அதற்குச் சார்ஜரைக் கழற்ற வேண்டும். கழற்றும் வகைப் பேட்டரி என்றால் அதையும் கழற்ற வேண்டும். பென் டிரைவ், மவுஸ், மானிட்டர் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது போர்டிலுள்ள கண்டென்சர்களில் மிச்சமிருக்கும் சார்ஜ் வடிந்துவிடும். சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு பட்டனைப் பிடித்தால், ஒரு பக்கம் தொட்டியைத் திறந்துவிட்டு மறுபக்கம் குழாயையும் திறந்து வைத்த கதைதான்.

டியூப் டிவி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கலர் டிவியின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும். எர்த் ஒயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரால் அதை இறக்காமல் யாரும் கை வைக்க மாட்டோம். வைத்தவன் அடுத்த தடவை வைக்க மாட்டான். லேப்டாப்பில் அவ்வளவு வோல்ட் கிடையாது. ஆனாலும் "பிடுங்கிவிட்டேன், அதனால் உள்ளே மின்சாரம் இல்லை" என்று நினைப்பது இங்கேயும் தப்புத்தான்.

இப்போது வரும் பல லேப்டாப்களில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, கழற்ற முடியாது. அவற்றில் சிலவற்றுக்கு அடிப்பக்கம் ஊசி நுழையும் அளவு ஒரு துளை வைத்திருப்பார்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் அதை மெதுவாக அழுத்தினால் பேட்டரி இணைப்பு தற்காலிகமாக அறுந்து மறுபடி சேரும். கண்ணில் படும் துளையில் எல்லாம் குத்திவிடாதீர்கள்; மைக் துளையும் அதே அளவுதான் இருக்கும். மாடல் எண்ணைப் பார்த்து அதற்கான கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். துளை இல்லாத மாடல்கள் சிலவற்றில், சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டனை நீளமாகப் பிடித்தாலே கன்ட்ரோலர் தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும்.

பேத்தியின் லேப்டாப்பில் அந்தத் துளை இருந்தது. அழுத்தினோம். பிறகு பட்டனைப் பிடித்துக்கொண்டு அவள் ஒன்று, இரண்டு என்று எண்ண, நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 30 ஆனதும் விட்டாள். சில நிமிடம் சும்மா வைத்திருந்தோம். பிறகு சார்ஜரை மட்டும் செருகினாள். ஓரத்தில் வெள்ளை விளக்கு ஒன்று எரிந்தது. உடனே பட்டனை நோக்கிக் கை நீட்டியவளை, "இரும்மா, கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும்" என்று தடுத்தேன். எனக்கும் ஆசைதான், ஆனால் அவசரப்பட்டு ஒரு தடவை அசிங்கப்பட்டது போதாதா? கால் மணி நேரம் கழித்து அவள் அழுத்தினாள். ஆய்வேடு அப்படியே இருந்தது. அன்று அவள் செய்த முதல் வேலை அதை வேறு இரண்டு இடத்தில் பதிவு செய்து வைத்ததுதான்.

இந்தக் கதை தெரிந்தவர் வட்டாரத்தில் பரவியதும், "தாத்தா கைராசி" என்று ஆளுக்கொரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைராசி ஒன்றும் இல்லை. வந்தவற்றில் ஒரு அடாப்டருக்கு வந்த நோய் வெறும் ஒயர். சுவரிலிருந்து வரும் ஒயர் அடாப்டர் பெட்டிக்குள் செருகும் இடத்தில் பாதிதான் உள்ளே போயிருந்தது. பார்வைக்குச் செருகியது போலவே தெரியும். அழுத்தித் தள்ளினேன், விளக்கு எரிந்தது. கொண்டு வந்தவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

இன்னொரு அடாப்டர் சுவாரசியமானது. தனியாக இருக்கும்போது அதன் விளக்கு நன்றாக எரிந்தது. லேப்டாப்பில் செருகிய அந்தக் கணமே அணைந்தது. பிடுங்கி, சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி எரிந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதே கதை. இது லேப்டாப்பே நமக்குச் சொல்லும் செய்தி. உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்கிறது. அடாப்டரே பலவீனமாக இருந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால், அதே வோல்ட் உள்ள இன்னொன்றைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் அணைந்தது. அப்போதுதான் "இது போர்டு வேலை" என்று சொல்லி, போர்டு வேலை தெரிந்தவரிடம் அனுப்பினேன். அந்த ஷார்ட்டுக்குக் காரணம் எறும்பளவு கண்டென்சர் ஒன்று. அதை மட்டும் மாற்றினார், லேப்டாப் எழுந்தது. போர்டில் கோளாறு என்பதும் போர்டே போய்விட்டது என்பதும் ஒன்றல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

அடாப்டரை மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட் வரும். வோல்ட் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. முனை உள்ளே போகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள். மீட்டரில் 19.5 காட்டுகிறது என்றும் நிம்மதி அடைய வேண்டாம். காலி வண்டியை யார் வேண்டுமானாலும் இழுப்பார்கள். லோடு ஏற்றினால்தான் மாட்டின் பலம் தெரியும். முதுமை தட்டிய அடாப்டர் சும்மா இருக்கும்போது முழு வோல்ட்டும் காட்டும், லேப்டாப்பில் செருகியதும் துவண்டுவிடும். சில அடாப்டர் முனைகளின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது தன் அடையாளத்தை லேப்டாப்புக்குச் சொல்வதற்கானது. அது வளைந்தாலோ முறிந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. பிறகு ஒரு நாள் ஒயர் இல்லாமல் திறந்தால் உயிர் இருக்காது.

ஒரு பையனின் லேப்டாப்புக்கு நோயே இல்லை. மூடிய இன்னொரு லேப்டாப்பின் மேல் வைத்து வேலை செய்வான். அடிக்கடி திரை இருண்டுவிடுகிறது, பட்டனை அழுத்தினாலும் மறுபடி இருள்கிறது என்றான். மூடி மூடியிருக்கிறதா என்பதை லேப்டாப் ஒரு காந்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. கீழே இருந்த லேப்டாப்பின் காந்தம் மேலே இருந்ததைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது. காந்தம் வைத்த போன் உறையும் கைக்கடிகாரப் பட்டையும்கூட இந்த வேலையைச் செய்யும். நகர்த்தி வைத்தோம். முடிந்தது.

இதனால்தான் "ஆன் ஆகவில்லை" என்ற சொல்லையே நான் நம்புவதில்லை. யாராவது அப்படிச் சொன்னால் முதலில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டச் சொல்வேன். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் லேப்டாப் உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் வரவில்லை. அப்போது இருட்டில் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் திரையின் பின்விளக்குதான் போயிருக்கிறது. வெளி மானிட்டரில் செருகினால் படம் வரக்கூடும். விண்டோஸ் என்றால், விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்துத் தட்டினால் திரை இயக்கம் மட்டும் புதிதாகத் தொடங்கும். விளக்கு ஒரே கணக்கில் மின்னி மின்னி நின்றால் எத்தனை தடவை, என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். அது பிழைக்கான குறியீடு, பொருள் அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். அப்படி மின்னுவது பல நேரம் ரேம் சரியாக உட்காராததால்தான்.

மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த லேப்டாப் வேறு வகை. லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறி இறங்கினால் அதன் பாதுகாப்புச் சுற்று தன்னை அறுத்துக்கொள்ளும். சார்ஜர் போட்டதும் விளக்கைத் தேடாதீர்கள், அரை மணி நேரமாவது பொறுங்கள். அதே போல, பெட்டி பிரித்த புது லேப்டாப் சார்ஜரை ஒரு தடவை காணும்வரை பட்டனுக்கு அசையாமல் இருப்பதும் உண்டு, கோளாறு அல்ல.

இரண்டு இடத்தில் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம். டச்பேட் மேலெழும்பினாலோ அடிமூடி புடைத்தாலோ பேட்டரி ஊதியிருக்கிறது. அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். தண்ணீர் கொட்டியிருந்தால் "இப்போ வருதா" என்று பட்டனை அழுத்திப் பார்க்கவே கூடாது. ஈரத்தோடு மின்சாரம் ஓடும் அந்த ஒரு கணம்தான் போர்டைத் தின்றுவிடும்.

இனி, பழுது பார்க்கும் இடங்களில் இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. இதை என் பழைய தொழிலின் உரிமையில் கேட்கிறேன். நாங்கள் டிவியை வாங்கி வைக்கும்போது ரசீதின் பின்னால் எழுதித் தருவோம்: "பவர் சப்ளை சரி, இ.ஹெச்.டி. இல்லை" என்பது போல. இ.ஹெச்.டி. (EHT) என்பது டியூபுக்குப் போகும் உயர் வோல்ட். வாடிக்கையாளருக்கு அது புரியாது. அதை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் போனால் அவருக்குப் புரியும். இப்போது "போர்டு டெட்" என்று வாயால் சொல்வதோடு சரி. எந்த அடாப்டர் போட்டுப் பார்த்தீர்கள், எத்தனை ஆம்பியர் இழுத்தது, பேட்டரியைக் கழற்றிப் பார்த்தீர்களா, ரேமை எடுத்துப் போட்டீர்களா என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தால் போதும். எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்தாலே பாதிப் பேர் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.

கொடுப்பவர்களுக்கும் ஒன்று. விளக்கே எரியாத லேப்டாப்பை "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கையோடு திரும்பிவிடுங்கள். பூட்டு திறக்காத வீட்டுக்கு உள்ளே வெள்ளை அடிக்கிறேன் என்கிறார். போர்டு உண்மையிலேயே போயிருந்தாலும் பல மாடல்களில் கோப்புகள் இருக்கும் டிஸ்க் தனி. அதைக் கழற்றி வேறொன்றில் போட்டுப் படிக்கலாம். ஆனால் விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண்ணை லேப்டாப் நன்றாக இருக்கும்போதே வேறு இடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் பெட்டிச் செய்திக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். நீளமாக வேண்டாம். பழைய வரியையே மறுபடி போட்டு, அதன் முன்னால் "சார்ஜரைக் கழற்றிய பிறகு" என்ற மூன்று சொற்களை மட்டும் தடித்த எழுத்தில் சேர்த்துவிடுங்கள். மதர்போர்டு பற்றிய வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக் ஒருவர்